நாற்பத்தொன்பது சதவீதக் கணவன்

கண்ணா,

நியூ ஜெர்சி மாநிலத்தின் மிக உணர்ச்சிகரமான மூக்குக்குச் சொந்தக்காரனும், உலக ஷாம்பு வரலாற்றில் லாவெண்டருக்குத் தனி சிம்மாசனம் வாங்கிக் கொடுத்தவனும், இத்தனை வருஷம் உன் அம்மாவிடம் தினசரி திட்டு வாங்கியும் எடை குறையாமல் இருந்து மருத்துவ உலகைத் திகைக்க வைத்தவனுமாகிய உன் அப்பா எழுதுகிறேன். நீ ஜெர்சி சிட்டியில் இருக்கிறாய், நான் எடிசனில் இருக்கிறேன். போனை எடுத்தால் பேசிவிடலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் நீ மூச்சுக்கு ஒருதரம் “ஓகேப்பா, ஓகேப்பா” என்பாய். கடிதத்துக்கு நடுவே யாரும் ஓகே சொல்ல முடியாது என்பதால்தான் மனிதகுலம் கடிதத்தைக் கண்டுபிடித்தது. உன்னைக் கதறக் கதறக் காரில் போட்டுத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போன அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. புரியாத இடத்தை வித்யாவிடம் கேட்டுக்கொள். டெக்ஸஸில் வளர்ந்தும் நம் இரண்டு பேரையும்விட நல்ல தமிழ் பேசுகிற பெண் அவள்.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு தகப்பன் பொறுமை, விட்டுக்கொடுத்தல், வரவுக்குள் செலவு என்று மூன்று பக்கம் எழுதுவான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் போன வாரம் நீ போனில் ஒன்று சொன்னாய். கல்யாணத்துக்குப் பிறகு வித்யா இங்கே வந்து சொந்தக் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறாள், சாலைக்கு அடியில் மின்சாரக் கம்பிகளுக்குக் குழாய் பதிக்கிற வேலை, உன் அம்மா சக்கரம் வைத்த தன் பழைய ஆபீஸ் டிரெய்லரைக் கொடுக்கிறாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நீ அதோடு நிறுத்தியிருக்கலாம். “அவ ஃபீல்டு சைடு பாத்துக்கட்டும்பா. மேனேஜ்மெண்ட் சைடு நான் ஹேண்டில் பண்ணிக்கிறேன்” என்றாய். என் கையிலிருந்த காபி டம்ளர் விழுந்த சத்தத்தில் பிலடெல்பியாவில் ஏதோ ஒரு குழந்தை தொட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கும். எதிரில் இருந்த உன் அம்மா, “என்னவாம் அவனுக்கு?” என்றாள். “ஒண்ணுமில்ல, நம்ம குடும்ப வியாதி. எனக்கு இருந்தது, அவனுக்கும் வந்திருக்கு” என்றேன். அந்த வியாதி எனக்கு எப்படிக் குணமாயிற்று என்பதை நீ அறிய மாட்டாய். அப்போது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். வீட்டுக்கு வந்தால் தூங்குவாய், சாப்பிடுவாய், துவைத்த துணியை அள்ளிக்கொண்டு போவாய். ஆகையால் விவரமாகச் சொல்கிறேன்.

உன் அம்மா சென்னையில் குடிநீர்க் குழாய் பதிக்கிற என்ஜினியராக இருந்தவள் என்பது உனக்குத் தெரியும். இங்கே வந்த பிறகு ஒரு கட்டுமானக் கம்பெனியில் படம் வரைகிற மேஜையில் உட்கார்ந்து, மெல்ல மெல்ல எழுந்து, கடைசியில் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிவிட்டாள். ஷாம்புத் தொழிற்சாலையில் வாசனை கலக்கிற நான் மாலையில் மல்லிகை, ரோஜா, எலுமிச்சை என்று இந்திரலோகத்து வாசனையோடு வீடு திரும்புவேன். அவள் முழங்கால் வரை சேற்றோடு திரும்புவாள். வாசலில் யார் செருப்பைக் கழற்றி வெளியே வைப்பது என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. 1994-ல் ஒருநாள் அந்தச் சேற்றோடேயே நின்று, “வேலைய விடப்போறேங்க. சொந்தமா ஆரம்பிக்கப்போறேன்” என்றாள். “என்ன, இட்லிக் கடையா?” என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் எங்கள் வீட்டு மைக்ரோவேவ் பழுதாகிவிட்டது. அதுவரை அவள் போட்டுக் கொடுத்த மதிப்பீடுகளை யார் யாரோ தங்கள் பெயரில் கொண்டுபோய் வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள்.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊர் ஒன்றில் பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்றும் பெரிய வேலை வந்தது. இந்த இடத்தில் ஒரு விதியை நீ புரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு வித்யாவுக்கும் இதேதான். தண்ணீர், கேஸ், மின்சாரம் எல்லாம் ஊரில் உள்ள அத்தனை பேரும் கட்டுகிற பில்லில் ஓடுகின்றன. ஆனால் குழி தோண்டுகிற கான்ட்ராக்ட் மட்டும் காலங்காலமாகச் சில வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய மச்சான்களுக்குமே போய்க்கொண்டிருந்தது. அதனால் வேலையில் ஒரு பங்கைப் பெண்கள் நடத்துகிற கம்பெனிக்கும், இன்னொரு பங்கைக் கறுப்பர்கள், ஹிஸ்பானிக்குகள், நம்மைப் போன்ற ஆசியர்கள் என்று வெளியே நிறுத்தப்பட்டவர்களின் கம்பெனிக்கும் கொடுக்க வேண்டும் என்று பெரிய கான்ட்ராக்டர்களுக்கு அரசாங்கம் நிபந்தனை போட்டது. உடனே என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள். இரும்புத் தொப்பியைக் கண்ணால் பார்த்திராத பல மனைவிமார்கள் ஒரே வாரத்தில் முதலாளி ஆனார்கள். கையெழுத்து மனைவி, கம்பெனி கணவன். அதைத் தடுக்க அரசாங்க அலுவலகம் ஒன்று நேரில் வந்து பார்த்துச் சான்றிதழ் தர ஆரம்பித்தது. நூற்றில் ஐம்பத்தொரு பங்காவது அவள் பெயரில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், கம்பெனியில் முடிவெடுப்பது அவளாக இருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர்க் குழாய் வேலையை எடுத்த பெரிய கான்ட்ராக்டருக்குச் சிறுபான்மைப் பங்குக்கு ஏற்கெனவே ஒரு கம்பெனி இருந்தது. பெண்கள் பங்குக்குத்தான் ஆள் வேண்டியிருந்தது. உன் அம்மாவின் வேலையை அவர்கள் அறிவார்கள். நான்கு தெருக்களை அவளுக்கு ஒதுக்கினார்கள். சான்றிதழ் வரும் என்ற நம்பிக்கையில் வேலையை ஆரம்பிக்கலாம், வராவிட்டால் நடுவில் வேறு ஆளிடம் போய்விடும் என்று பேச்சு. இவள் இருந்த வேலையை விட்டாள், மண் தோண்டுகிற மஞ்சள் யந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கினாள், மனுவேலையும் மூன்று ஆட்களையும் கூட்டி வந்தாள். மனுவேல் நியூவார்க்கைச் சேர்ந்த போர்ச்சுகீசியக்காரன், பழைய கம்பெனியில் அவளோடு மேஸ்திரியாக இருந்தவன். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு அவளை நம்பி வந்தான். சான்றிதழ் வராவிட்டால் இந்த ஐந்து பேரும் தெருவில். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி, ஏனென்றால் இனிமேல்தான் நான் மேடையேறுகிறேன்.

வேலை தொடங்குமுன் யந்திரத்துக்குப் பூஜை போட வேண்டாமா? கோயிலிலிருந்து குருக்கள் வந்தார், பஞ்சகச்சத்துக்கு மேல் பனிக்கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். யந்திரம் நிறுத்துகிற யார்டில் பலகை போட்டு, “சார், நீங்க இப்படி கிழக்க பாத்து உக்காருங்கோ. மாமி, நீங்க பக்கத்துல உக்காந்து இந்தத் தர்ப்பையால அவர் தோளத் தொட்டுண்டிருங்கோ. அது போதும்” என்றார். நீயும் பார்த்திருப்பாயே, நம் வீட்டு ஹோமங்களில் எல்லாம் அதுதானே வழக்கம். கணவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்வான், மனைவி ஒரு புல்லால் அவனைத் தொட்டுக்கொண்டிருப்பாள். நான் பட்டு வேஷ்டியில், ராஜராஜ சோழனுக்கே சற்றுப் பொறாமை வரும் தோற்றத்தில் அமர்ந்தேன். என் பெயர், என் நட்சத்திரம், என் கோத்திரம் சொல்லி சங்கல்பம். தேங்காய் உடைக்கிற பொறுப்பும் எனக்கே. முதல் போடு தரையில் விழுந்தது, இரண்டாவது என் கட்டை விரலில், மூன்றாவதில் தேங்காய் உருண்டு யந்திரத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மனுவேல் குனிந்து எடுத்துக் கொடுத்தான். ஆனால் அதற்கு முன்பே அவன் ஒரு புகைப்படம் எடுத்திருந்தான். நான் நடுவில் கம்பீரமாக, பின்னால் மஞ்சள் யந்திரம், ஓரத்தில் உன் அம்மா புல்லும் கையுமாக.

அந்தப் படத்தை நான் ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கி, தங்க நிறச் சட்டம் போட்டு, டிரெய்லரில் உன் அம்மாவின் மேஜைக்குப் பின்னால் மாட்டினேன். “எதுக்குங்க இது?” என்றாள். “வர்றவங்களுக்கு நம்ம பாரம்பரியம் தெரிய வேணாமா?” என்றேன். அவளுக்கு அன்று மண் பரிசோதனை வேலை இருந்தது, விட்டுவிட்டாள். விருந்துகளில் நான் வேறு என் பங்கைச் செய்துகொண்டிருந்தேன். “இப்ப கன்ஸ்ட்ரக்‌ஷன்ல இறங்கியிருக்கேன். பாதி நியூ ஜெர்சி நம்ம குழாய்ல தண்ணி குடிக்கப் போகுது” என்று நான் அறிவித்தபோது, சாம்பாரைப் பரிமாறிக்கொண்டிருந்த அங்கிள்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைக் குலுக்கினார்கள். உன் அம்மா அந்தப் பக்கம் ஆன்ட்டிகளோடு உட்கார்ந்து அவர்கள் வீட்டுக் குழாய் ஏன் ஒழுகுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அந்தச் சான்றிதழ் அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். டோரதி என்று பெயர். கறுப்பினப் பெண்மணி, கண்ணாடிக்கு மேல் பார்க்கிறவர், சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். நான் அழைக்கப்படவில்லை. இருந்தாலும் ஷாம்பு உலகம் ஒருநாள் என்னை விட்டு உயிர் வாழட்டும் என்று லீவு போட்டுவிட்டு, கோட்டும் டையுமாக டிரெய்லரில் போய் நின்றேன். உன் அம்மாவிடம் அவர் நெடுநேரம் கேள்வி கேட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எழுந்திருக்கும்போது சுவரைப் பார்த்தார். “நடுவில் உட்கார்ந்திருக்கும் இந்தக் கனவான் யார்?” என்றார்.

“நான்தான்!” என்றேன், அந்த முகத்தை அடையாளம் தெரியாத ஒருவர் இந்த மாநிலத்தில் இருக்கிறாரே என்று வியந்து.

“என்ன செய்கிறீர்கள்?”

“கம்பெனியைத் தொடங்கி வைக்கிறேன். குடும்பத் தலைவன் நான், அதனால் சடங்கை நான் செய்கிறேன்.”

“உங்கள் மனைவி என்ன செய்கிறார்?”

“ஒரு புல்லால் என்னைத் தொட்டுக்கொண்டிருக்கிறார்.”

“எதற்காக?”

இங்கேதான், கண்ணா, என் ஞானம் பெருக்கெடுத்தது. “அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, மேடம். தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், புண்ணியத்தில் சரிபாதி அவருக்குப் போய்விடும்” என்றேன்.

டோரதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். “சரிபாதி என்றால் ஐம்பது. எங்களுக்கு ஐம்பத்தொன்று வேண்டும்” என்றார். பிறகு எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கார் வீட்டை அடையும் வரை உன் அம்மா சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டினால் எனக்குப் பயமில்லை. அது மழை மாதிரி, நின்றுவிடும். அன்று அந்த மழை பெய்யவில்லை. கடைசியில் கராஜ் கதவு திறக்கும்போது, “ஏங்க, உங்கள யாரு கூப்பிட்டா?” என்றாள். அவ்வளவுதான். சில நாளில் அந்த அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: கம்பெனியை யார் நடத்துகிறார்கள் என்பதில் சந்தேகம் இருக்கிறது, வேலை நடக்கும் இடத்துக்கே ஒருமுறை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வோம். நான் உடனே தியாகச் செம்மலாக மாறி, “கவலப்படாத. நானும் ஏஷியன்தானே? கம்பெனிய என் பேருக்கு மாத்திடு. சிறுபான்மைன்னு நான் வாங்கிடறேன்” என்றேன். அவள் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். அந்தத் தோசை திரும்பவே இல்லை, கருகிப் போயிற்று.

“அந்தம்மா சந்தேகப்படறது நியாயம்தாங்க” என்றாள். “எத்தன பேரு பொண்டாட்டி பேர வெச்சு ஏமாத்தியிருக்கான். நான் அவங்க எடத்துல இருந்தா நானும்தான் சந்தேகப்படுவேன். ஆனா நான் அப்படி இல்ல. இது என் கம்பெனி. இது போனா போகட்டும், என் கம்பெனியா போகட்டும்.” அடுப்பை அணைத்தாள். “அன்னிக்கு நீங்க வரணும். அவங்களே உங்களயும் கேக்கணும்னு சொல்லியிருக்காங்க. கேட்டா தெரிஞ்சத சொல்லுங்க. தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க.”

கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! உன் அப்பன் பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைச் சொன்னவன் அல்ல. யாராவது வழி கேட்டால், போகாத ஊருக்குக்கூட மூன்று குறுக்குவழி சொல்லி அனுப்புகிற வம்சம் நம்முடையது. அன்று முழுக்க ஷாம்புத் தொட்டிகளுக்கு நடுவே நின்று “தெரியாது, தெரியாது” என்று ஒத்திகை பார்த்தேன். கூட வேலை செய்தவர்கள் எனக்கு ஏதோ மந்திர தீட்சை கிடைத்துவிட்டதாக நினைத்து மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

அந்த நாளும் வந்தது. தெருவில் பாதியை மறித்து வேலை. டோரதி இரும்புத் தொப்பியோடு வந்து நேரே மனுவேலிடம், “இங்கே யார் பாஸ்?” என்று கேட்டார். மனுவேல் பள்ளத்தைக் காட்டினான். உள்ளே ஒரு வெள்ளைத் தொப்பி மட்டும் தெரிந்தது. “அப்படியானால் இவர்?” என்று என்னைக் காட்டினார். மனுவேல் என்னை ஏற இறங்கப் பார்த்து, “அவரா? பாஸோட வீட்டுக்காரர். நல்ல மனுஷன். பூ வாசன அடிக்கும்” என்றான். பிறகு டோரதி என் பக்கம் திரும்பினார். பள்ளத்துக்குள் இறக்கியிருந்த பெரிய இரும்புப் பெட்டியைக் காட்டி அது எதற்கு என்றார். யானை குளிப்பதற்கான தொட்டி என்கிற ரகத்தில் ஒரு விளக்கம் என் நாக்கின் நுனியில் பாய்ந்து வந்து நின்றது. விழுங்கினேன். “தெரியாது, மேடம்” என்றேன். ஆட்களுக்கு என்ன சம்பளம்? தெரியாது. குழாய் எங்கிருந்து வாங்குகிறீர்கள்? தெரியாது. அடுத்த தெருவை எப்போது தோண்டுகிறீர்கள்? தெரியாது. கண்ணா, நான்காவது ‘தெரியாது’வில் எனக்குள் என்னவோ நடந்தது. கால் தரையிலிருந்து அரை அடி எழும்பிவிட்டது என்று நான் சொன்னால் நீ நம்பப் போவதில்லை. எழும்பியது. இத்தனை வருஷமாகத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த ஏதோ ஒரு பானையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

அந்த நேரத்தில் பள்ளத்துக்குள்ளிருந்து, “ஸ்டாப்!” என்று உன் அம்மா குரல். யந்திரம் நின்றது. ஏணியில் ஏறி வெளியே வந்தாள். சாலையில் கேஸ் குழாய் போகிற இடத்தை மஞ்சள் பெயிண்டால் குறித்திருந்தார்கள். அந்தக் குறி தப்பான இடத்தில் இருக்கிறது, குழாய் இந்தப் பக்கம் இருக்கலாம் என்று அவளுக்குச் சந்தேகம். “யந்திரம் வேண்டாம். கையால் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே” என்றாள். பெரிய கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கெவின் ஓடி வந்தான். தெரு ஏற்கெனவே தாமதம், குறி போட்டவர்கள் முட்டாள்களா, யந்திரத்தை ஓட்டு என்றான். “என் ஆள் எவனும் ஓட்ட மாட்டான்” என்றாள் இவள். அவன் கையை உதறினான். பிறகு என்ன செய்தான் தெரியுமா? எல்லோரும் எப்போதும் செய்வதைத்தான் செய்தான். அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்தான். என் தோளில் கை போட்டான். “சார், நீங்க கொஞ்சம் உங்க மனைவிகிட்ட எடுத்துச் சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் புரிஞ்சவங்க.”

வங்கியில் கடன் கேட்கப் போனபோது இப்படித்தான் என் பக்கம் நாற்காலியை நகர்த்தினார்கள். யந்திரம் விற்றவன் சாவியை என் கையில்தான் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் எனக்கு அது பிடித்திருந்தது என்பதை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். தோளில் விழுகிற அந்தக் கைக்கு ஒரு கதகதப்பு உண்டு. நாளைக்கு உன் தோளிலும் விழும். டோரதி பேனாவைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுவேல் பார்த்தான். உன் அம்மா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாதுங்க” என்றேன் கெவினிடம். “நான் ஷாம்பு ஆள். பாஸ் அங்கே நிற்கிறார். அவரிடம் கேளுங்கள்.” கெவின் கையை என் தோளிலிருந்து எடுத்தான். மண்வெட்டிகள் இறங்கின.

இப்போது நீ எதிர்பார்க்கிறாய், அவள் சொன்ன இடத்தில் கேஸ் குழாய் இருந்தது, ஊரே தப்பித்தது, கெவின் காலில் விழுந்தான் என்று. நானாகக் கதை கட்டினால் அப்படித்தான் கட்டியிருப்பேன். போதாதென்று கேஸ் குழாய்க்குக் கீழே ஒரு தங்கச் சுரங்கமும் வைத்திருப்பேன். ஆனால் மத்தியானம் வரை தோண்டினார்கள், அங்கே ஒன்றுமே இல்லை. மண், கல், ஒரு பழைய சோடா பாட்டில். மஞ்சள் குறி சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது. கெவின் உரக்கச் சிரித்தான். சான்றிதழ் போயிற்று, ஐந்து பேரின் பிழைப்பும் போயிற்று என்றே நினைத்தேன். டோரதி பள்ளத்தின் ஓரமாக வந்து நின்று உன் அம்மாவைக் கேட்டார்: “இந்த நேரத்துக்கெல்லாம் கூலி யார் கணக்கில்?”

“என் கணக்கில்தான்” என்றாள். “முடிவு என்னுடையது. தப்பாகப் போனதும் என்னுடையதுதான்.”

“நாளைக்கு இதே மாதிரி சந்தேகம் வந்தால்?”

“நாளைக்கும் நிறுத்துவேன். கேஸ் இல்லை என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.”

டோரதி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் கூரை போடுகிற தொழில் செய்தவராம்; நல்ல வேலைக்காரர், ஆனால் அந்தக் காலத்தில் இந்த மாதிரி வேலைகளுக்கு விலை கேட்கக்கூட அவரைப் போன்றவர்களை உள்ளே விட்டதில்லையாம். “ஒரு பொய்யான பெயரை நான் உள்ளே விட்டால், ஓர் உண்மையான ஆள் வெளியே நிற்கிறார். அதனால்தான் இவ்வளவு துருவுகிறேன். கம்பெனி யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். சரியான முடிவுக்குப் பங்காளிகள் நிறையப் பேர் வருவார்கள். தப்பான முடிவுக்கு யார் சொந்தக்காரர் என்று பார்ப்பேன்” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “உங்கள் பதில்கள் மிகவும் உதவியாக இருந்தன. இதுவரை இவ்வளவு உறுதியாக எதுவுமே தெரியாத ஒரு கணவரை நான் பார்த்ததில்லை” என்றார். எனக்கு இதுவரை கிடைத்த விருதுகளில் அதுதான் பெரியது. வேறு விருது எதுவும் கிடைத்ததில்லை என்பது இங்கே தேவையில்லாத செய்தி.

சான்றிதழ் வந்தது. மனுவேல் என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். இரண்டு நாள் எனக்குத் தெற்கு வடக்கு புரியவில்லை. அன்று மாலை உன் அம்மா காரை ஓட்டினாள், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன், டர்ன்பைக் நெடுஞ்சாலையில் எல்லா லேனும் காலியாக இருந்தது போல எனக்குத் தோன்றியது. “தெரியாதுன்னு சொல்ல ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?” என்றாள். “மொதல் மூணும் பல்லு புடுங்கின மாதிரி. அப்புறம் ஐஸ்கிரீம்” என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கார் கொஞ்சம் லேன் மாறியது.

அடுத்த வருஷம் இரண்டாவது யந்திரம் வாங்கினாள். மறுபடி குருக்கள், மறுபடி பனிக்கோட்டு. பலகையைக் காட்டி என்னை அழைத்தார். நான் உட்காராமல், “சாமி, இது அவங்க கம்பெனி. அவங்க பேரு, நட்சத்திரம் சொல்லிப் பண்ணுங்க. அந்தப் புல்ல எங்கிட்ட குடுங்க” என்றேன். அவர் திகைத்துப் போனார். “அப்படி வழக்கம் இல்லையே சார், சாஸ்திரத்துல...” என்று இழுத்தார். உன் அம்மா பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து பலகையில் உட்கார்ந்தாள். “சாமி, மத்தியானம் மழைங்கறாங்க. அதுக்குள்ள எனக்குக் குழி மூடணும்” என்றாள். குருக்கள் வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், “மேல இருக்கறவர் அட்ஜஸ்ட் பண்ணிப்பார்” என்று சொல்லித் தர்ப்பையை என்னிடம் நீட்டினார். நான் அவள் தோளைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தேங்காயை அவள் ஒரே போடில் உடைத்தாள். அந்தச் சத்தத்தில் ஹட்சன் ஆற்றில் ஒரு கப்பல் திசை மாறியது. பூஜை முடிந்ததும், “புண்ணியத்துல பாதி எனக்குத்தானே?” என்று அவள் காதில் கேட்டேன். “நாப்பத்தொம்போது” என்றாள்.

பழைய படத்தை நானே கழற்றினேன். இப்போது டிரெய்லரில் இருப்பது அந்த இரண்டாவது படம். நீ எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாய், அப்பா ஏன் ஓரத்தில் இவ்வளவு சந்தோஷமாக இளிக்கிறார் என்று கேட்டதில்லை. அந்த டிரெய்லர்தான் வித்யாவுக்கு வரப்போகிறது. படத்தை உன் அம்மா எடுத்துக்கொள்வாள், ஆணி அப்படியே இருக்கும்.

வித்யாவுக்கும் அதே மாதிரி ஒரு டோரதி வருவார், வர வேண்டும். அவரைக் குறை சொல்லாதே. உன் மனைவியின் பெயரை அவளுக்காகக் காவல் காப்பவர் அவர். அவர் வருவதற்குள் ‘மேனேஜ்மெண்ட் சைடு’ என்ற சொல்லை எங்காவது ஆழமான பள்ளத்தில் போட்டு மூடிவிடு. பள்ளம் வேண்டுமென்றால் உன் அம்மாவிடம் கேள். உதவி செய்யாதே என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்டால் கம்ப்யூட்டரைச் சரிபார்த்துக் கொடு, சாப்பாடு எடுத்துப் போ, வீட்டில் சட்டி கருகாமல் பார்த்துக்கொள். யாராவது உன் தோளில் கை போட்டு அவளிடம் எடுத்துச் சொல்லச் சொன்னால் என்ன பதில் என்று உனக்கு இப்போது தெரியும். முதல் மூன்று தடவை கஷ்டமாக இருக்கும். அவள் தப்பாக முடிவெடுக்கிற நாளில் இன்னும் கஷ்டமாக இருக்கும். அன்றைக்குத்தான் உன் வாய் ரொம்பத் துடிக்கும். அன்றைக்கு அவள் பக்கத்தில் சும்மா நில். என்னால் முடிந்தது என்றால் பூமியில் யாராலும் முடியும்.

கல்யாணத்தன்று மட்டும் நடுவில் கம்பீரமாக உட்கார்ந்துகொள், நன்றாகப் படம் எடுத்துக்கொள், ராஜா மாதிரி இரு. அதற்குப் பிறகு யார்டில் பூஜை வரும். அதே குருக்கள்தான் வருவார், நான் பேசிவிட்டேன். “உங்காத்துலயே எல்லாம் தலைகீழ்தானே, தெரியும்” என்கிறார். உன் கையில் ஒரு புல்லைக் கொடுப்பார். இறுக்கிப் பிடிக்காதே, அது ஒடிந்துவிடும், விட்டும்விடாதே. அவள் தோளில் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டு, அவள் தேங்காய் உடைப்பதை வேடிக்கை பார். அதைவிட நிம்மதியான உத்தியோகம் இந்த அமெரிக்கா முழுவதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

உன் அம்மா இப்போது பின்னால் வந்து நின்று, “இவ்வளவு நேரமா என்ன எழுதறீங்க?” என்று கேட்கிறாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்பா